பூட்டிய பெட்டி திறந்த பெட்டியை முந்துமா?

லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது சாட்டா வகை எஸ்எஸ்டி. வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் தெரியாதவர் கையில் அது கிடைத்தால் அர்த்தமற்ற பைட்டுகள் மட்டுமே தென்படும். இப்போது ‘டிடி’ என்ற பழைய கட்டளையைக் கொண்டு, பூஜ்யங்களால் மட்டுமே ஆன 1 ஜிகாபைட் கோப்பு ஒன்றை அந்த வட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு விநாடிகூட ஆகாமல் வேலை முடிந்ததாகக் கட்டளை சொல்லும். விநாடிக்கு 1,500 மெகாபைட், 2,000 மெகாபைட் என்பதுபோல ஓர் எண் திரையில் வந்து நிற்கும்.

அந்த எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாட்டா மூன்றாம் தலைமுறைக் கம்பியில் விநாடிக்கு 6 ஜிகாபிட் ஓடும். பிழையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக விரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஆகவே உண்மையான தரவு விநாடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் அந்தக் கம்பி வழியே போகவே முடியாது. நடைமுறையில் 550 கிடைத்தால் அது நல்ல வட்டு. 600-க்கு மேல் இடம் இல்லாத குழாயில் 2,000 பாய்ந்ததாகத் திரை சொல்கிறது. அதுவும், எழுதும் ஒவ்வொரு பைட்டையும் புரட்டிக் குழப்பிப் பூட்டிவைக்கும் கூடுதல் வேலையோடு.

நிரலில் பிழை இல்லை. கடிகாரமும் சரியாகத்தான் ஓடியது. அந்த எண் ஏதோ ஒன்றை மிகச் சரியாக அளந்திருக்கிறது. நாம் அளக்க நினைத்த பொருள் மட்டும் அது இல்லை. வேகச் சோதனைகள் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் எல்லா இடங்களிலும் இதுதான் நடக்கிறது. ஓர் எண்ணைப் பார்த்ததும் அது பெரியதா சிறியதா என்று கேட்பதைவிட, இது எந்தக் கேள்விக்கு வந்த விடை என்று கேட்கப் பழக வேண்டும்.

இது கணினி ஆர்வலர்களின் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. மறையாக்கம் கணினியை மந்தமாக்கிவிடும் என்று ஒரு தவறான சோதனையைப் பார்த்து நம்பியவர் அதை அணைத்துவிடுகிறார். பிறகு அந்த மடிக்கணினி பேருந்தில் தொலையும்போது, நோயாளிகளின் குறிப்புகளோ மாணவர்களின் விவரங்களோ யாரோ ஒருவர் கைக்குத் திறந்த புத்தகமாகப் போய்ச் சேர்கின்றன. இன்னொருவர் மறையாக்கத்தால் ஒரு துளிகூட வேகம் குறையவில்லை என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறார். அந்த எண்ணே ஓர் எச்சரிக்கை மணியாக இருக்கலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எழுத்து கடக்கும் வழி

நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது நேராக வட்டுக்குப் போவதில்லை. நிரல் அதைக் கோப்பு முறைமையிடம் கொடுக்கிறது. கோப்பு முறைமை அதை ரேம் நினைவகத்தில் கேஷ் என்ற பகுதியில் வைக்கிறது. அங்கிருந்து மறையாக்க அடுக்கு அதை எடுத்துப் பூட்டுகிறது. பூட்டிய துண்டுகள் வரிசையில் நின்று, கம்பி வழியே வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லைச் சேர்கின்றன. அந்தச் சில்லு கடைசியாக ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தனி வேகம் உண்டு.

லினக்ஸில் இந்த மறையாக்க அடுக்குக்குப் பெயர் ‘டிஎம்-கிரிப்ட்’. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2004-இல் வெளிவந்த 2.6.4 பதிப்பில் அது சேர்ந்தது. அது பெரும்பாலும் பயன்படுத்தும் பூட்டு ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் தாமென், வின்சென்ட் ரைமென் ஆகிய இருவர் வடிவமைத்த முறை அது. 2001-இல் அமெரிக்கத் தரநிலை ஆனது. 16 பைட்டுகளை ஒரு கட்டாக எடுத்து, 128 பிட் சாவி என்றால் 10 சுற்றும் 256 பிட் சாவி என்றால் 14 சுற்றும் கலக்குகிறது. வட்டுகளுக்கு எக்ஸ்டிஎஸ் என்ற பாணியில் அதைப் பயன்படுத்துகிறார்கள். வட்டின் எந்த இடத்தில் தரவு உட்காருகிறதோ அந்த இட எண்ணையும் சேர்த்துக் கலக்குவதால், ஒரே வரியை இரண்டு இடங்களில் எழுதினாலும் இரண்டும் வேறுவேறாகத் தெரியும்.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேஷ் இருப்பது மறையாக்க அடுக்குக்கு மேலே. கேஷில் கிடப்பது பூட்டப்படாத தரவு.

ரசீது வந்தது, சரக்கு போகவில்லை

ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் மூட்டையைக் கொடுத்தால் உடனே ரசீது தருவார்கள். ரசீது கையில் வந்த நேரத்தை வைத்து ரயிலின் வேகத்தைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? தொடக்கத்தில் பார்த்த 2,000 மெகாபைட் அப்படி வந்ததுதான். டிடி கட்டளை 1 ஜிகாபைட்டைக் கெர்னலிடம் கொடுத்தது. கெர்னல் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆயிற்று’ என்றது. பூட்டும் வேலை, கம்பிப் பயணம், ஃபிளாஷில் பதிவது ஆகிய எல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தன. கடிகாரம் அதற்குள் நின்றுவிட்டது.

எவ்வளவு சரக்கை இப்படி வாங்கி வைக்கலாம் என்பதற்கு லினக்ஸில் வரம்பு உண்டு. வழக்கமான அமைப்பில், பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் எழுதப்படாத தரவு 10 விழுக்காட்டைத் தொட்டதும் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 விழுக்காட்டைத் தொட்டால் எழுதும் நிரலையே பிடித்து நிறுத்தும். 14 ஜிகாபைட் காலியாக இருக்கும் கணினியில் 20 விழுக்காடு என்பது 2.8 ஜிகாபைட். ஆகவே 1 ஜிகாபைட் சோதனை முழுவதும் ரேமுக்குள்ளேயே முடிந்துபோகும். அதே கட்டளையை 20 ஜிகாபைட்டுக்குக் கொடுத்தால் எண் திடீரென்று கீழே இறங்கும். வட்டு அப்போதுதான் சோதனைக்குள் நுழைகிறது.

படிக்கும் சோதனையிலும் இதே கதைதான். ஒரு கோப்பை இரண்டாம் முறை படிக்கும்போது அது கேஷிலிருந்து வருகிறது. கேஷில் இருப்பது ஏற்கெனவே பூட்டு அவிழ்ந்த தரவு என்பதால் மறைநீக்கமும் நடப்பதில்லை. பூட்டிய வட்டும் பூட்டாத வட்டும் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். மறையாக்கத்துக்கு விலையே இல்லை என்று அங்கே முடிவு கட்டிவிட்டால் அது பெரிய பிழை.

தப்பிக்கும் வழிகள் எளியவை. டிடி கட்டளையில், எல்லாம் வட்டில் பதிந்த பிறகே கணக்கை முடி என்று சொல்லும் ‘எஃப்டேட்டாசிங்க்’ என்ற தேர்வு இருக்கிறது. கேஷைத் தொடாமல் நேரே போ என்று சொல்லும் ‘டைரக்ட்’ என்ற தேர்வும் இருக்கிறது. படிக்கும் சோதனைக்கு முன் கேஷைக் காலி செய்யலாம். இவை எதுவும் நினைவில் இல்லாவிட்டால், ரேமைவிடப் பல மடங்கு பெரிய கோப்பைக் கொண்டு சோதிப்பது பாதுகாப்பான பழக்கம்.

ஆனால் டைரக்ட் தேர்வுக்குள்ளேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 4 கிலோபைட் துண்டுகளாக ஒவ்வொன்றையும் நேரே அனுப்பினால், ஒரு துண்டு போய்ச் சேர்ந்து பதில் வந்த பிறகே அடுத்தது புறப்படும். அப்போது கிடைக்கும் எண் ஒரு துண்டு போய்த் திரும்பக் காத்திருந்த நேரத்தின் கணக்கு. வட்டு ஒரே மூச்சில் எவ்வளவு அள்ளும் என்பதை அது சொல்லாது. அதே வட்டில் 1 மெகாபைட் துண்டுகளை அனுப்பினால் பல மடங்கு பெரிய எண் வரும். இரண்டும் உண்மை. ஆனால் பூட்டாத வட்டை ஒரு முறையிலும் பூட்டிய வட்டை இன்னொரு முறையிலும் அளந்துவிட்டு, வேறுபாடு முழுவதையும் மறையாக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

காலிச் சாக்குகள்

பூஜ்யங்களை எழுதிச் சோதிப்பதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2010-லும் 2011-லும் எஸ்எஸ்டி சந்தையில் சேண்ட்ஃபோர்ஸ் என்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் சில்லுகள் பெரும் புகழ் பெற்றன. வரும் தரவை அந்தச் சில்லே சுருக்கி, சுருங்கிய அளவை மட்டும் ஃபிளாஷில் எழுதும். ஃபிளாஷுக்குத் தேய்மானம் குறையும், வேகமும் கூடும். எளிதில் சுருங்கும் தரவைக் கொண்டு அளக்கும் ‘ஆட்டோ’ போன்ற சோதனை நிரல்களில் இந்த வட்டுகள் சாட்டா வரம்பைத் தொட்டன. சுருக்க முடியாத தரவைக் கொண்டு அளக்கும் ‘ஏஎஸ் எஸ்எஸ்டி’ என்ற நிரலில் அதே வட்டுகள் வேறு முகம் காட்டின. கொள்ளளவு குறைந்த சில மாடல்களில் எழுதும் வேகம் பாதிக்கும் கீழே போனது.

மறையாக்கம் இங்கே ஏன் வருகிறது? நல்ல மறையாக்கத்தின் அடையாளமே, வெளியே வரும் தரவில் எந்த ஒழுங்கும் தென்படாமல் இருப்பது. ஒழுங்கு இல்லாததைச் சுருக்க முடியாது. ஆயிரம் காலிச் சாக்குகளை மடித்தால் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிடலாம். மறையாக்க அடுக்கைக் கடந்து வெளியே வரும்போது ஒவ்வொரு சாக்கும் வாய்வரை நிரம்பியிருக்கும். ஆகவே சேண்ட்ஃபோர்ஸ் வட்டை மறையாக்கம் செய்தவர்கள் எழுதும் வேகம் வீழ்ந்ததைக் கண்டார்கள். ஏஇஎஸ்தான் காரணம் என்று நினைத்தவர்கள் பலர். பிராசஸரைக் கவனித்திருந்தால் அது ஓய்வாகவே இருந்தது தெரிந்திருக்கும். குறைந்தது வட்டின் சுருக்கும் வாய்ப்பு.

இன்றும் இந்தப் பள்ளம் தூரவில்லை. தரவைச் சுருக்கி எழுதும் கோப்பு முறைமைகளில் பூஜ்யங்களை எழுதினால் ஏறக்குறைய எதுவுமே வட்டுக்குப் போகாது.

சரி, பூஜ்யம் வேண்டாம், ஒழுங்கற்ற எண்களை எழுதுவோம் என்று லினக்ஸின் ‘யூரேண்டம்’ மூலத்திலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். இப்போது எதிர்த்திசையில் சிக்கல். அந்த எண்களைத் தயாரிக்கவும் பிராசஸர் உழைக்க வேண்டும். 2016-இல் வந்த 4.8 கெர்னல் வரை அந்தத் தயாரிப்பு மிக மெதுவானது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கைவிடவும் பின்தங்கியது. 4.8-இல் சாச்சா20 என்ற வேகமான முறைக்கு மாற்றினார்கள். அதன் பிறகும் ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு ஈடுகொடுக்க அது போதாமல் போகலாம். அப்போது திரையில் தெரிவது எண் தயாரிப்பின் வேகமே. முன்கூட்டியே ஒழுங்கற்ற தரவை ரேமில் தயாராக வைத்துக்கொண்டு அதை எழுதுவதுதான் முறை. யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ‘எஃப்ஐஓ’ போன்ற கருவிகள் அதற்காகவே இருக்கின்றன.

எழுதாத இடத்தைப் படிப்பது

புது எஸ்எஸ்டி வாங்குகிறோம். மறையாக்கத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்து ஒப்பிடலாம் என்று தோன்றுகிறது. நேர்மையான ஒப்பீடுபோலத்தான் இருக்கிறது. ஆனால் புது வட்டில் எதுவும் எழுதப்படவில்லை.

எஸ்எஸ்டிக்குள் ஒரு முகவரிப் பதிவேடு உண்டு. கணினி கேட்கும் இட எண் ஃபிளாஷில் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பதிவேடு சொல்லும். இதுவரை எழுதப்படாத இடத்தைப் படிக்கக் கேட்டால், பதிவேட்டில் அதற்குப் பதிவே இருக்காது. பெரும்பாலான வட்டுகள் அப்போது ஃபிளாஷைத் தொடாமலேயே பூஜ்யங்களைத் திருப்பி அனுப்பிவிடும். முதல் சோதனை அளந்தது கம்பியையும் சில்லையும் மட்டுமே. மறையாக்கம் செய்து, வட்டு முழுவதும் ஒழுங்கற்ற தரவால் நிரப்பி, பிறகு படிக்கும்போது ஃபிளாஷ் முதல் முறையாக வேலைக்கு வருகிறது. வேறுபாடு முழுவதும் மறையாக்கத்தின் தலையில் விழுகிறது.

எழுதுவதில் இதற்கு ஓர் இணை உண்டு. கோப்பு அழிக்கப்பட்டதும் ‘இந்த இடம் இனி காலி’ என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லும் செய்திக்கு ட்ரிம் என்று பெயர். எந்த இடங்கள் காலி என்பது வெளியே தெரிவதே ஒரு கசிவு என்பதால், டிஎம்-கிரிப்ட் இந்தச் செய்தியைத் தானாகக் கீழே அனுப்புவதில்லை. நாம் அனுமதித்தால் மட்டுமே அனுப்பும். அனுமதிக்காவிட்டால் நாளடைவில் வட்டு தான் முழுக்க நிரம்பியிருப்பதாக எண்ணிக்கொண்டு, எழுதும்போதெல்லாம் பழையதை நகர்த்தி இடம் தேடும். வேகம் குறையும். அந்தக் குறைவு மறையாக்கக் கணக்கீட்டால் வந்ததன்று; பாதுகாப்புக்காக நாமே ஏற்றுக்கொண்ட ஓர் ஏற்பாட்டால் வந்தது. ட்ரிம்மை அனுமதிப்பதா வேண்டாமா என்பது அவரவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதைப் பொறுத்தது. எந்தக் காரணத்தால் என்பது தெரிந்தால்தான் அந்த முடிவைத் தெளிவாக எடுக்க முடியும்.

இரண்டு வேகங்களைக் கூட்டுவது எப்படி?

லினக்ஸில் மறையாக்கத்தை அமைக்கும் ‘கிரிப்ட்செட்டப்’ கருவியில் ஒரு வேகச் சோதனை உண்டு. ஓட்டினால் ஒவ்வொரு பூட்டுமுறைக்கும் ஓர் எண் தரும். ஏஇஎஸ்ஸை விரைவுபடுத்தும் தனிக் கட்டளைகள் கொண்ட பிராசஸரில் அந்த எண் விநாடிக்குச் சில ஆயிரம் மெகாபைட் வரை போகும். என் வட்டு 500தான், பூட்டு 2,000, ஆகவே மறையாக்கம் ஒருபோதும் தடையாகாது என்று முடிவு கட்டத் தோன்றும்.

இந்தச் சோதனை நினைவகத்தில் மட்டுமே நடக்கிறது, வட்டைத் தொடுவதில்லை என்று அந்தக் கருவியே முதல் வரியில் அறிவிக்கிறது. பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எக்ஸ்டிஎஸ் பாணியில் இரண்டு சாவிகள் தேவை என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பட்டியலில் 256 பிட் என்று இருக்கும் வரி உண்மையில் 128 பிட் ஏஇஎஸ். 512 பிட் என்று இருப்பதே 256 பிட் ஏஇஎஸ். தவறான வரியைப் பார்த்தால், 14 சுற்று வேலைக்கு 10 சுற்றின் கணக்கைப் படித்தவர்கள் ஆவோம்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் வேகங்களை ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துக்கொள்ள முடியாது; நேரங்களைக் கூட்ட வேண்டும். விநாடிக்கு 1,100 மெகாபைட் தரும் சேமிப்பகம். 1,800 மெகாபைட் தரும் பூட்டு. 1,000 மெகாபைட்டுக்கு முதல் வேலை 0.91 விநாடி, இரண்டாம் வேலை 0.56 விநாடி, மொத்தம் 1.47 விநாடி. ஆகவே வேகம் விநாடிக்கு 700 மெகாபைட்டைச் சற்றே தொடாமல் நிற்கும். ஒரு துண்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே முந்தைய துண்டு எழுதப்படுமானால், அப்போதுதான் சிறிய எண்ணான 1,100-ஐ எதிர்பார்க்கலாம். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்காவது இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொறியாளர் இக்நாத் கோர்ச்சாகின் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறது. வட்டின் குறுக்கீடே இருக்கக் கூடாது என்பதற்காக அவர் ரேமிலேயே ஒரு போலி வட்டை அமைத்தார். பூட்டாமல் அது விநாடிக்குச் சுமார் 1,100 மெகாபைட் தந்தது. பூட்டின் தனி வேகம் சுமார் 1,800. கணக்குப்படி 700-ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது 150-ஐ ஒட்டி. ஏழு மடங்கு வீழ்ச்சி.

பூட்டுவதற்கு ஆகும் நேரம் தெரியும். எழுதுவதற்கு ஆகும் நேரமும் தெரியும். இரண்டையும் கூட்டினாலும் கணக்கு நிரம்பவில்லை. மீதி நேரம் எங்கே போனது? கோர்ச்சாகின் கெர்னலின் நிரலை வரிவரியாகப் பின்தொடர்ந்தார். ஒரு துண்டு தரவு பூட்டப்படுவதற்கு முன் ஒரு வரிசையில் நின்றது. பூட்டும் நிரல்பகுதிக்குள் இன்னொரு வரிசை. பூட்டிய பின் எழுதுவதற்கு மூன்றாவது வரிசை. அங்கே இட எண்படி அடுக்கும் வேலையும் நடந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் பிராசஸர் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு மாற வேண்டியிருந்தது. அந்த வரிசைகளுக்கு ஒருகாலத்தில் நல்ல காரணங்கள் இருந்தன. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இட எண்படி அடுக்கி எழுதினால் ஊசி அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. மெதுவான வட்டுக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்லை. மின்னல் வேக எஸ்எஸ்டிகள் வந்த பிறகு காத்திருப்பே முதன்மைச் செலவாகிவிட்டது.

வரிசைகளைத் தாண்டி நேரே பூட்டி அனுப்பும்படி அவர் மாற்றியபோது, வேகம் கணக்கில் எதிர்பார்த்த அளவை நெருங்கியது. அந்த வழியைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2020 அக்டோபரில் வெளிவந்த 5.9 கெர்னலில் எல்லோருக்கும் கிடைத்தது. தானாக அது இயங்காது. நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாக் கணினிகளிலும் அது வேகத்தைக் கூட்டும் என்றும் சொல்ல முடியாது. வரிசைகள் இருந்தால் வேலை பிராசஸரின் பல கோர்களுக்குப் பிரிந்து போகும். சில சூழல்களில் அதுவே நல்லது.

இந்த ஆய்வில் என்னைக் கவர்வது கடைசியில் கிடைத்த வேகம் இல்லை. அவர் முதலில் போட்ட கணக்கு. எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்ததால்தான் 150 என்ற எண் அவரைத் தடுத்து நிறுத்தியது. கணக்குப் போடாதவர், மறையாக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு போயிருப்பார்.

வேகம் குறையவே இல்லையென்றால்

இப்போது எதிர்ப்பக்கம். மறையாக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரே எண். கேஷ் இல்லை, பூஜ்யம் இல்லை, சோதனை ஒழுங்காகவே நடந்திருக்கிறது. பிராசஸரும் அசையவில்லை. யார் பூட்டுகிறார்கள்?

சில எஸ்எஸ்டிகள் தாங்களே மறையாக்கம் செய்துகொள்ளும் வசதியோடு வருகின்றன. விண்டோஸின் பிட்லாக்கர், வட்டில் அந்த வசதி இருப்பதைக் கண்டால் தான் பூட்டாமல் வேலையை வட்டிடமே விட்டுவிடும் அமைப்பில் பல ஆண்டுகள் இருந்தது. 2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மெய்யர், பெர்னார்ட் வான் காஸ்டெல் ஆகிய இருவரும் பரவலாக விற்ற சில எஸ்எஸ்டி மாடல்களின் உள்நிரலைப் பிரித்து ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். சிலவற்றில், பயனர் கொடுக்கும் கடவுச்சொல்லுக்கும் தரவைப் பூட்டும் சாவிக்கும் கணித ரீதியான பிணைப்பே இல்லை. கடவுச்சொல் தெரியாமலேயே தரவை எடுக்க முடிந்தது. 2019 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, புதிதாகப் பூட்டப்படும் வட்டுகளுக்கு மென்பொருள் வழி மறையாக்கத்தையே இயல்பான தேர்வாக்கியது.

ஆகவே வேகம் குறையாத சோதனையைப் பார்த்தால், பூட்டுவது பிராசஸரா வட்டா என்று முதலில் கண்டறிய வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கரின் நிலையைக் காட்டும் கட்டளை எந்த முறையில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். லினக்ஸில் சோதனைக் கோப்பு உண்மையிலேயே பூட்டிய பகுதிக்குள்தான் எழுதப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவு பல கணினிகளில் ரேமிலேயே இருக்கும். அங்கே எழுதிச் சோதித்தால் வட்டும் இல்லை, பூட்டும் இல்லை.

இடையில் நுழையும் மற்றவர்கள்

வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏஇஎஸ்ஸுக்கான தனிக் கட்டளைகள் இன்டெல் பிராசஸர்களில் 2010-இல் வந்தன. பிராசஸரில் அவை இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம்; மெய்நிகர் கணினிக்கு அவை காட்டப்படாமல் இருக்கலாம். அப்போது வேகம் பல மடங்கு சரியும். ராஸ்பெர்ரி பை 4-இல் அந்தக் கட்டளைகளே இல்லை. பை 5-இல் உண்டு. இரண்டின் மறையாக்க வேகத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு இயங்குதளத்தின் மேல் பழிபோடக் கூடாது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வெளி விளிம்பு வேகமானது. உள்வட்டத்துக்கு வரவரக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். பூட்டிய பகுதியை வட்டின் கடைசியில் அமைத்திருந்தால், மெதுவாகத் தெரிவது அந்த இடத்தினால். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் ஃபிளாஷின் ஒரு பகுதியை வேகமான தற்காலிகக் கிடங்காக வைத்திருக்கும். அது நிரம்பியதும் எழுதும் வேகம் படுத்துவிடும். முதல் சோதனையில் கிடங்கு காலி, இரண்டாம் சோதனையில் நிரம்பியிருக்கிறது என்றால், சோதனைகளை நடத்திய வரிசையே முடிவை எழுதிவிடும். யூஎஸ்பி 2.0 கம்பி விநாடிக்கு 60 மெகாபைட்டைத் தாண்டாது. ஒரு கருவி 1,000-ஐ அடிப்படையாகவும் இன்னொன்று 1,024-ஐ அடிப்படையாகவும் மெகாபைட்டைக் கணக்கிட்டால், எதுவுமே மாறாமல் ஏறத்தாழ 5 விழுக்காடு வேறுபாடு தோன்றும்.

படிப்படியாக இறங்குவது

இத்தனை பள்ளங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓர் ஒழுங்கு இருந்தால் போதும்.

முதலில், அளப்பதற்கு முன் வரம்புகளை எழுதிக்கொள்ளுங்கள். கம்பி எவ்வளவு தரும்? வட்டு எவ்வளவு தரும்? பூட்டு நினைவகத்தில் எவ்வளவு ஓடும்? இந்த மூன்றிலிருந்து எதிர்பார்க்கும் எண்ணின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் கிடைக்கும். சோதனை முடிவு மேல் எல்லையைத் தாண்டினால் ஏதோ ஓர் அடுக்கு சோதனையிலிருந்து நழுவிவிட்டது. கீழ் எல்லைக்கும் கீழே போனால், நமக்குத் தெரியாத ஓர் அடுக்கு உள்ளே நுழைந்திருக்கிறது.

அடுத்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே வட்டு, அதே இடம், அதே தரவு, அதே துண்டின் அளவு. மறையாக்கம் மட்டும் உண்டு, இல்லை. இரு பக்கமும் வட்டு ஒரே அளவுக்கு நிரம்பியிருக்கட்டும். சோதனைகளை மாற்றி மாற்றி, குறைந்தது ஐந்தாறு முறை நடத்துங்கள். முடிவுகள் தங்களுக்குள்ளேயே 10 விழுக்காடு ஆடினால், அதற்குள் அடங்கும் வேறுபாட்டைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

சோதனை ஓடும்போது பிராசஸரைப் பார்த்துக்கொண்டிருங்கள். மறையாக்கம்தான் தடை என்றால் குறைந்தது ஒரு கோராவது திணறும். எல்லாம் ஓய்வாக இருந்தும் வேகம் குறைவாக இருந்தால் காத்திருப்பையோ வட்டையோ தேடுங்கள்.

கடைசியாக, உங்கள் அன்றாட வேலையையே ஒரு முறை அளந்து பாருங்கள். நூறு புகைப்படங்களை நகலெடுப்பது, ஒரு பெரிய நிரலைத் தொகுப்பது, கணினி தொடங்குவது. சோதனை நிரலில் 30 விழுக்காடு குறைவாகத் தெரிந்த வட்டு, அன்றாட வேலையில் எந்த மாற்றத்தையும் காட்டாமல் இருக்கலாம்.

50 என்ற எண்

ஒரு வேகச் சோதனையின் எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தச் சம்பவம் சாட்சி. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0-க்கான விதிமுறை, போனின் சேமிப்பை மறையாக்கம் செய்தே விற்க வேண்டும் என்றது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது: விநாடிக்கு 50 மெகாபைட்டுக்குமேல் ஏஇஎஸ் ஓட முடியாத கருவிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏஇஎஸ்ஸுக்கான தனிக் கட்டளைகள் இல்லாத, விலை குறைந்த சில்லுகள் கொண்ட போன்கள் அந்த வரம்புக்குக் கீழே விழுந்தன. பணம் குறைவாக உள்ளவரின் போன் திருடு போனால் அதில் உள்ள படங்களும் கடிதங்களும் பூட்டில்லாமல் கிடக்கும். ஒரே ஓர் எண் அந்தக் கோட்டைக் கிழித்தது.

அந்த எண் பொய்யில்லை. அந்தச் சில்லுகளில் ஏஇஎஸ் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் ‘இந்தச் சில்லில் ஏஇஎஸ் எவ்வளவு வேகம்?’ என்ற கேள்விக்கு வந்த விடையை, ‘இந்தப் போனைப் பூட்ட முடியுமா?’ என்ற கேள்விக்கான விடையாக விதி எடுத்துக்கொண்டது. கூகுளின் பால் குரோலி, எரிக் பிகர்ஸ் ஆகிய இருவரும் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்த்தார்கள். ஏஇஎஸ் தடை என்றால் பூட்டையே கைவிடுவதா, ஏஇஎஸ்ஸை மாற்றுவதா? கூட்டுதல், பிட்டுகளைச் சுழற்றுதல் போன்ற, எந்தச் சில்லும் எளிதில் செய்யும் வேலைகளால் ஆன சாச்சா முறையை அடிப்படையாக்கி, அடியாண்டம் என்ற புதிய பூட்டை 2018-இல் வெளியிட்டார்கள். எளிய கார்ட்டெக்ஸ் ஏ7 சில்லில் அது ஒரு பைட்டுக்கு 10.6 சுழற்சிகளில் பூட்டவிழ்த்தது. 256 பிட் ஏஇஎஸ்ஸைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, புதிதாக வெளிவரும் எல்லாப் போன்களும் விலக்கின்றிப் பூட்டப்பட வேண்டும் என்ற விதி வந்தது.

சில்லுகள் மாறவில்லை. 50-ஐத் தொட முடியாத அதே மலிவான சில்லுகளின் மேல்தான் அந்தப் புதிய பூட்டு ஓடியது.